சாம்பல் சேவலின் கழுத்து

ஆற்றங்கரையில் பிறந்து, பாலைவனத்தில் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டவன் நான். இதைச் சொன்னால் பெரும்பாலும் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசுவதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைத்தவர்கள். எங்கள் தெருவில் மீன் பிடிப்பது என்றால், வாய்க்காலில் தண்ணீர் வற்றும்போது சேற்றில் இறங்கிக் கையால் துழாவுவது. கெளுத்தி முள் குத்தினால் அழுதுகொண்டே துழாவுவோம். கிடைத்தது நேராகச் சட்டிக்குப் போகும். இதைப் பொழுதுபோக்கு என்று எவராவது சொல்லியிருந்தால் அப்பா அவரையும் சேற்றில் இறக்கி விட்டிருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாலிடெக்னிக் டிப்ளமாவைத் தூக்கிக்கொண்டு வளைகுடாவுக்குப் போனேன். நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவைப் பொறுத்தவரை அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது கலர் டிவி, வெளியே போனது நான். மணலுக்குள் தண்ணீர்க் குழாய் பதிக்கும் கம்பெனி. குழாயில் மட்டும்தான் தண்ணீர். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு குட்டைகூடக் கிடையாது.

அங்கே என்னோடு ஒரு ஸ்காட்லாந்துக்காரன் வேலை பார்த்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன். வெள்ளிக்கிழமை விடுமுறை நாளில் கேம்ப்புக்குப் பின்னால் இருந்த காலி மணலில் நின்றுகொண்டு, நீளமான மெல்லிய கோல் ஒன்றைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் ஆட்டுவான். கோல் நுனியிலிருந்து மஞ்சள் நூல் ஒன்று காற்றில் நெளிந்து போய் மணலில் விழும். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். ஊரில் ஆறு இருக்கிறதாம், லீவில் போகும்போது கை மறந்துவிடக் கூடாதாம். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அவன் கோலை என் கையில் கொடுத்து, "நீ செய் பார்ப்போம்" என்றான். நூல் என் காதைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, கடைசியில் சட்டைப் பொத்தானில் போய் மாட்டிக்கொண்டது. இப்போது மொத்தக் கேம்ப்பும் சிரித்தது.

வீம்பு, வேறொன்றுமில்லை. ஆறே மாதத்தில் முப்பது அடி தள்ளிக் கிடந்த பெயின்ட் டப்பா மூடிக்குள் நூல் நுனியை இறக்கினேன்.

அதற்குப் பெயர் ஃப்ளை ஃபிஷிங். தூண்டிலில் புழு கிடையாது. கொக்கியில் கோழி இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி ஒன்றைக் கட்ட வேண்டும். அதைத் தண்ணீர்மேல் மெதுவாக உட்கார வைத்தால், மீன் நிஜ ஈ என்று நம்பிக் கவ்வும். ஏமாந்த மீனைத் தூக்கி ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இதை நான் அக்காவிடம் போனில் விளக்கியபோது, "திரும்ப வுடறதுக்கு எதுக்குடா புடிக்கணும்?" என்று கேட்டாள்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, காது திருகி வளர்த்தவள். அத்தானைக் கட்டிக்கொண்டு அதே தெருவில் இருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதது அவளுக்குப் பெரிய குறை. அத்தானுக்கு அது ஒரு குறையே இல்லை, கிண்டல் பண்ண வேறு விஷயம் கிடைத்துவிட்டது. "மாப்ள வெளிநாட்டுல என்ன வேல பாக்குறாரு?" என்று யாராவது கேட்டால், "ஈ ஓட்டுறாரு" என்பார். டீக்கடையே உருண்டு சிரிக்குமாம்.

உண்மையில் மீன் பிடிப்பதைவிட ஈ கட்டுவதுதான் எனக்குப் பைத்தியமாகிப் போனது. ரூமில் மேசை ஓரத்தில் சின்னப் பட்டறைப் பிடி ஒன்றை மாட்டி, அதில் கொக்கியை இறுக்கி, தலையணைப் பஞ்சு, கம்பளி நூல், சமையல்காரர் தூக்கிப் போட்ட கோழி இறகு என்று கிடைத்ததையெல்லாம் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் ஸ்காட்லாந்துக்காரன் ஒரு தகவல் சொன்னான். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஆறு உறைந்து கிடக்கும், மீன் பிடிக்கவும் தடை. அந்த மாதங்களில் இந்தப் பைத்தியங்கள் எல்லாம் ஒரே கூரைக்கடியில் கூடிக் கண்காட்சி நடத்துவார்களாம்.

வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்வரக் கம்பெனி டிக்கெட் கொடுக்கும். அதை ஜெர்மனிக்கு மாற்றித் தரச் சொன்னேன். டிக்கெட் பிரிவில் இருந்த பாலக்காட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "சாரோட சொந்த ஊர் மாறிப்போச்சா?"

விசா கொடுக்கும் அம்மாள் அவரைவிட மோசம். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டாள். மீன்பிடிக் கண்காட்சி என்றேன். "நீங்கள் மீனவரா?" இல்லை. "மீன் வாங்கப் போகிறீர்களா?" இல்லை. "மீன் பார்க்கப் போகிறீர்களா?" இல்லை, அங்கே மீன் இருக்காது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பையிலிருந்து நான் கட்டிய ஈ ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் பதறிப்போய்க் கையிலிருந்த ஃபைலால் அதை ஓங்கி அடித்தாள். அடித்தபின் உற்றுப் பார்த்தாள். சிரித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

கண்காட்சி என்பது எங்கள் ஊர் நெல் குடோன் அளவுக்கு ஒரு மண்டபம். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே ஆயிரம் பேர், ஈரக் கம்பளி நாற்றம். நடுவில் நீலத் தார்ப்பாய் விரித்த நீளமான தொட்டி, அதில் முழங்கால் அளவு தண்ணீர், மருந்துக்கு ஒரு மீன் கிடையாது. பெரிய பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று அதில் தூண்டில் வீசிப் பார்த்துக் கைதட்டிக்கொண்டார்கள். இடுப்புவரை ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் கார்ப்பெட்மேல் நடந்து போனார். என்ன வெள்ளம் வரும் என்று எதிர்பார்த்தாரோ.

மண்டபத்தின் கடைசியில் ஒரு நீளமான மேசை. அதன் பின்னால் பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அழைக்கப்பட்டு வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் ஈ கட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். மூன்று மணி நேரம் நின்றேன். கால் மரத்துப் போனபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. செத்தாலும் பரவாயில்லை, ஒரு நாள் அந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டும்.

அதே மேசைக்கு எதிரே ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சேவலின் கழுத்துத் தோல் இருந்தது, இறகோடு பதப்படுத்தியது. அடுப்புப் புகை மாதிரியான சாம்பல் நிறம். ஈ கட்டுவதற்குச் சேவலின் கழுத்து இறகு போல வேறொன்றும் இல்லை. விறைப்பாக நிற்கும், தண்ணீரில் மிதக்கும். அதிலும் இந்தச் சாம்பல் நிறம் லட்சத்தில் ஒன்று என்று கடைக்காரர் பெருமூச்சு விட்டார். நானும் பெருமூச்சு விட்டேன். இந்த மாதிரிச் சேவலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இருந்தது.

அந்த வருடம் அக்கா மகள் கல்யாணத்துக்குத் தனியாக லீவு கேட்டு, கைக்காசில் ஊருக்குப் போனேன். பந்தல் பிரித்த மறுநாள் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன், கோழிக் கூட்டத்துக்கு நடுவில் இளஞ்சேவல் ஒன்று வந்து நின்றது. உடம்பு சாம்பல். கழுத்து அதே புகை நிறம், ஓரத்தில் மட்டும் தேன் தடவினாற்போல ஒரு மினுக்கு. பற்பசை நுரையை விழுங்கிவிட்டேன்.

"அக்கா, இந்தச் சேவலை யாருக்கும் குடுத்துடாத. வெட்டியும் போட்டுடாத. நல்லா வளர்த்து வை. நான் வருவேன்."

இறகு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படித்த மனுஷன் கோழி இறகுக்கு அலைகிறான் என்று சாயங்காலத்துக்குள் பாபநாசம் பஸ் ஸ்டாண்டு வரை செய்தி போய்விடும். வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பக்குவமாகத் தோலோடு உரித்து எடுக்க வேண்டிய வேலை, எப்படியும் நானே வந்து செய்ய வேண்டியதுதான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு குளிர்காலமும் ஊர் டிக்கெட் ஐரோப்பாவுக்குத்தான் போனது. ஒரு முறை ஹாலந்து, மறுமுறை மறுபடியும் ஜெர்மனி. ஹாலந்து போன வருடம், பொங்கலுக்குத் தெருவே கரும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது நான் பனியில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அக்காவுக்குப் போன் போடுவேன். முதல் கேள்வி ஒன்றுதான்: "சேவல் எப்படிக்கா இருக்கு?"

அக்கா சொல்லுவாள். சேவல் பக்கத்து வீட்டுச் சேவலைத் துரத்தித் துரத்திக் கொத்தியது. அத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆசையாகப் பார்த்தார், அகப்பையால் போட்டாள். சண்டைக்கு விடுகிறவர்கள் ஒரத்தநாட்டிலிருந்து வந்து கேட்டார்கள், திட்டி அனுப்பினாள். தெருவில் எல்லோரும் அதை ஃபாரின் சேவல் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கோயிலில், லுத்தரன் கோயில் எங்களுடையது, அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டுப் பூசணி, வாழைத்தார், கோழி எல்லாம் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். போதகரே அக்காவிடம் கேட்டிருக்கிறார்: "சேவலக் கர்த்தருக்குக் குடுங்கம்மா." அக்கா ஒரு பெட்டைக் கோழியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "அது என் தம்பிக்குன்னு கர்த்தருக்கே தெரியும் ஐயா" என்றாளாம். கேட்டு எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரு வருடம் வெள்ளைக் கழிச்சல் வந்து தெருவில் ஒரு கோழி மிச்சமில்லை. அக்கா சேவலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், மாட்டு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். பத்து நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள். அது ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்து சீரியல் பார்த்ததாம்.

இன்னொரு வெள்ளிக்கிழமை, "முட்டி வலி தாங்க முடியலடா" என்றாள்.

"ஐயையோ, சேவலுக்கா?" என்று கேட்டேன்.

"சேவல் நல்லாத்தான்டா இருக்கு" என்றாள்.

இரண்டாவது ஜெர்மனிப் பயணத்தில்தான் அது நடந்தது. மண்டப ஓரத்தில் வருகிறவர்களும் உட்கார்ந்து கட்டிப் பார்க்க ஒரு சின்ன மேசை போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய வெள்ளை மீசை. முன்பு தபால்காரராக இருந்தவராம், இப்போது அந்தப் பெரிய மேசைக்கு ஆள் பொறுக்குகிறவர் அவர்தான். என் விரல்களைப் பார்த்து, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். பாலைவனத்தில் என்றேன். அவர் நான் கிண்டல் செய்வதாக நினைத்துத் தோளில் தட்டினார். அடுத்த வருடம் பெரிய மேசையில் ஒரு நாற்காலி உனக்கு என்றார். ஒரே நிபந்தனை, அங்கே உட்காருகிறவர்கள் தங்கள் மண்ணின் இறகிலோ முடியிலோதான் கட்ட வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது.

"என் ஊரில் ஒரு சாம்பல் சேவல் இருக்கிறது," என்றேன். சொல்லும்போது நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

மிச்சம் பிடித்து வைத்திருந்த பழைய விடுப்பையெல்லாம் சேர்த்து எடுத்தேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஊர், பிப்ரவரியில் ஜெர்மனி. பெட்டிக்குள் சின்னக் கத்தி, தோல் பதப்படுத்தும் பொடி, மை ஒற்றும் தாள் எல்லாம் தயார். திட்டம் ரொம்பச் சுத்தம். சேவல் எப்படியும் சட்டிக்குப் போவதுதான், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கழுத்துத் தோலை மட்டும் முதலில் நான் உரித்துக்கொள்வேன். அரை மணி நேர வேலை.

திருச்சியில் இறங்கிக் கார் பிடித்தேன். வழியெல்லாம் சம்பா அறுவடை. பாதி ரோட்டில் வைக்கோலைப் பரப்பிக் காயவிட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் அறுப்பு மெஷின் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. வீடு போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. ஃப்ளைட்டில் கொடுத்த ரொட்டியோடு சரி, வயிறு கபகபவென்று எரிந்தது. தெருமுனையிலேயே மிளகும் சோம்பும் வறுத்த வாசனை தூக்கியடித்தது.

அக்கா வாசலுக்கு வந்து முகத்தைத் தடவிப் பார்த்தாள். இளைத்துவிட்டேனாம். நான் அப்போது எண்பத்திரண்டு கிலோ. "மொதல்ல சாப்பிடு, மத்ததெல்லாம் அப்பறம்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் இலை முன்னால் உட்கார வைத்தாள்.

சுடுசோறு, மேலே குழம்பு. காரம் தூக்கல். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் கை நிற்கவில்லை. அத்தான் எதிரே உட்கார்ந்து, "சாப்புடு மாப்ள, சாப்புடு" என்று உபசாரம் பண்ணினார். அக்கா அகப்பையால் சட்டியைத் துழாவித் துழாவி எடுத்து வைத்தாள். "ஈரல் உனக்கு. தொடை உனக்கு. இந்தா, கழுத்துத் துண்டு. சின்னப் புள்ளையில இதுக்காக எங்கூடச் சண்டை போடுவியே." கழுத்தெலும்பை ஒவ்வொரு கணுவாகக் கழற்றி உறிஞ்சினேன். அப்படி ஒரு ருசியை அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. இரண்டாவது முறை சோறு வாங்கினேன். ஏப்பம் விட்டேன்.

"அக்கா, கொழம்புன்னா இது கொழம்பு. சரி, நம்ம சேவல எங்க காணும்? கொல்லையில மேயுதா?"

அத்தானுக்குப் புரையேறிவிட்டது. அக்கா வாய்கொள்ளாமல் சிரித்தாள். "ஏன்டா, இவ்வளவு நேரம் எதைத் தின்ன?"

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் எச்சில் கையோடு எழுந்து கொல்லைக்கு ஓடினேன். குப்பைக்குழியில் கிடந்தது. வெந்நீரில் முக்கிப் பிடுங்கிய இறகு, ஈரமும் சாம்பலுமாகக் குப்பல். பிடுங்கியபின் மஞ்சள் தடவி வைக்கோல் தீயில் வாட்டியிருக்கிறாள், மிச்சமிருந்ததும் கருகிவிட்டது. போதாக்குறைக்கு ஒரு நாய் அதில் பாதியை இழுத்துப் போய் வேலியோரம் போட்டிருந்தது. முழங்கால் போட்டுக் கிளறினேன். ஒரு இறகுகூட நேராக இல்லை.

"என்ன மாப்ள, எலும்பு கெடக்கும்னு தேடுறியா?" என்று அத்தான் பின்னால் வந்து நின்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மூன்று வருடமாக மூடி வைத்த வாய் அப்போது திறந்துகொண்டது. இறகு, மேசை, நாற்காலி, மீசைக்காரர், எல்லாவற்றையும் கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். எனக்கு அந்த நாற்காலி எவ்வளவு முக்கியம் தெரியுமா, அரை மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா, யாரைக் கேட்டு வெட்டினாய்?

"எறகா?" என்றார் அத்தான். "எறகுக்கா இவ்வளவு பாடு?" தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

அக்கா சிரிக்கவில்லை. "நீ வந்தா வெட்டாம வேற யாரு வந்தா வெட்டுவாங்க?" என்றாள். "அதுக்குத்தானடா வளத்தேன்."

"நான் ஊருக்கு வந்ததே அந்தச் சேவலுக்காகத்தான்!"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அத்தான்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அக்கா கையில் குழம்புக் கரண்டியோடு நின்றாள்.

"அப்ப என்னப் பாக்க வரலையா நீ?"

நான் குனிந்து குப்பைக்குழியைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை சேவல் எப்படி இருக்கு, சேவல் எப்படி இருக்குன்னு கேப்பியே. அக்கா நல்லாருக்கியான்னு நேரா கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, பய சேவல வெச்சுக் கேக்குறான்னு நெனச்சேன்டா." அவள் குரல் உயரவே இல்லை. "அதனாலதான் அதச் சாக வுடாம வெச்சிருந்தேன்."

உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள். குப்பைக்குழி ஓரத்தில் எச்சில் கை காய்ந்து போய் நான் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாக உணர்ந்ததில்லை. மன்னிப்புக் கேட்க உள்ளே போனேன், "ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள், அதோடு சரி. பொங்கல் வந்தது, போனது. வேளாவேளைக்குச் சோறு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. நடக்கும்போது அவள் வலது காலை இழுத்து இழுத்து வைப்பதை அந்த வாரம்தான் பார்த்தேன். மூன்று வருடமாக முட்டி வலியாம். அத்தான்தான் சொன்னார். மாட்டு டாக்டருக்குப் பஸ் ஏறினவள் தனக்கு ஒரு டாக்டரைப் பார்க்கவில்லை. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அங்கேயும் டாக்டரிடம் பேசினாள், என்னிடம் பேசவில்லை.

கிளம்புகிற அன்று பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஹாலில் மாட்டியிருந்த பைபிள் வசனக் காலண்டருக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்து வந்தாள்.

"இது ஆகுமா பாரு. தானா உதுந்தது. காது கொடையத் தோதா இருக்கேன்னு எடுத்து வெச்சேன்."

ஏழு இறகு. சுத்தமான கழுத்து இறகு. புகை நிறம், ஓரத்தில் தேன் மினுக்கு. விறைப்பு கொஞ்சமும் குறையவில்லை. ஒன்றின் நுனியில் மட்டும் காதுக் குறும்பி ஒட்டியிருந்தது. அவள் அதை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். "ஆகும்க்கா" என்றேன். ஒவ்வொன்றாக என் டைரிக்குள் வைத்தேன்.

ஜெர்மனியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பக்கம் மான்முடியோடு ஒரு நார்வேக்காரர், அந்தப் பக்கம் பட்டு நூலோடு ஒரு ஜப்பான்காரப் பெண்மணி. எல்லோர் முன்னாலும் முழுத்தோல், மூட்டை மூட்டையாக இறகு. என் முன்னால் டைரிக்குள் வைத்த ஏழே இறகு. ஒரு ஈக்கு இரண்டு வேண்டும். கை நடுங்கக் கூடாது, ஒன்று முறிந்தாலும் போச்சு. மூன்று ஈ கட்டினேன். மூன்றாவதைக் கட்டி முடிச்சுப் போட்டபோது கூட்டம் கைதட்டியது. நான் எதிர்பார்த்த சந்தோஷம் வந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாதிதான் வந்தது.

மீசைக்காரர் மிஞ்சியிருந்த ஏழாவது இறகை விளக்கில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடத்தில் இப்படி ஒன்று பார்த்ததில்லை என்றார். "முழுத்தோல் எங்கே?"

"சாப்பிட்டுவிட்டோம்."

"தோலையா?"

"சேவலை. தோலோடுதான்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். "எப்படி இருந்தது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"காரம் கொஞ்சம் தூக்கல்."

மூன்றில் ஒரு ஈயை அவர் தன் தொப்பியில் குத்திக்கொண்டார். அக்கா காது குடைந்த இறகு வெள்ளைக்காரத் துரையின் தொப்பியில் மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தது. போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த குளிர்காலத்துக்கும் நாற்காலி உனக்குத்தான், ஆனால் இதே சாம்பல் இறகு வேண்டும், வேறு நிறம் வேண்டாம் என்றார். எழுதியும் கொடுத்தார்.

வளைகுடா திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை போன் போட்டேன். மணி நாலைந்து தடவை அடித்தது. அக்காதான் எடுத்தாள்.

"எப்படிக்கா இருக்க? முட்டி எப்படி இருக்கு?"

"ஏன், சேவலக் கேக்க மறந்துட்டியா?" என்றாள்.

சிரிப்பது போல இருந்தது. எனக்கு உயிர் வந்தது. மேசையில் உட்கார்ந்ததைச் சொன்னேன், தொப்பியைச் சொன்னேன். காது குடைந்த இறகு என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். "நல்லவேளை, மானம் போயிருக்கும்" என்றாள். பின்னால் அத்தான், "அடுத்த தடவ பல்லு குத்துற குச்சியும் குடுத்து வுடு" என்று கத்துவது கேட்டது.

"இந்தா பாரு," என்றாள் அக்கா. "அந்தச் சேவலோட குஞ்சு ஒண்ணு நிக்குது. அச்சு அசல் அதே சாம்பல்."

என் கையில் மீசைக்காரரின் கடிதம் இருந்தது. விடுப்பு இனி வருடத்துக்கு ஒன்றுதான், டிக்கெட்டும் ஒன்றுதான். ஒன்று அங்கே, இல்லை இங்கே.

"எறகுதான் வேணும்னா உசுரோட வெச்சிருக்கேன். உதுர உதுர எடுத்துக் கவர்ல போட்டு அனுப்புறேன். நீ அங்கயே போய் உக்காந்து ஈ கட்டு. ஆனா நீ இங்க வந்தா அத அடிச்சுக் கொழம்பு வெச்சுருவேன். தோல உரிக்கறேன், கழுத்த வெட்டறேன்னு கத்தியத் தூக்கிட்டு வந்தா வீட்டுக்குள்ள வுடமாட்டேன். மஞ்ச தடவி வாட்டினாதான் கொழம்பு. எது வேணும்னு நீயே சொல்லு."

கடிதத்தை நாலாக மடித்தேன். ஏழாவது இறகு இருந்த டைரிக்குள் வைத்து மூடினேன்.

"காரம் மட்டும் கொஞ்சம் கம்மியாப் போடுக்கா," என்றேன்.